பதேர் பாஞ்சாலி: எந்தப் பிரதியில் பார்த்தீர்கள்?

2024 செப்டம்பர் 7 — வாசகர் கேள்வி

“பதேர் பாஞ்சாலி என்ற பழைய வங்காளப் படத்தை நேற்று இரவு இணையத்தில் இலவசமாகப் பார்த்தேன். நாற்பது நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. மங்கலான படம், கரகரவென்று ஒலி, வறுமை, ஒரு கிழவி, ஓயாத சண்டை. கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகளாக இதை ஏன் கொண்டாடுகிறார்கள்? இயக்குநர் சத்யஜித் ராய் என்ற பெயருக்குக் காட்டும் மரியாதையா? ஆயிரக்கணக்கில் செலவழித்து இதன் ப்ளூரேயை வாங்குகிறவர்களுக்கு அப்படி என்னதான் கிடைக்கிறது?”

செப்டம்பர் 8, காலை

எந்தப் பிரதியில் பார்த்தீர்கள்? கேள்வியைத் தட்டிக்கழிக்க இதைக் கேட்கவில்லை. இந்தப் படத்தை நான் நான்கு விதமாகப் பார்த்திருக்கிறேன். தூர்தர்ஷனில் ஒரு முறை, வீடியோ கேசட்டில் ஒரு முறை, விசிடியில் பல முறை, 2015இல் வெளிவந்த மறுசீரமைத்த ப்ளூரேயில் எண்ணிக்கை மறந்துபோகும் அளவுக்கு. முதல் மூன்றிலும் பார்த்தது ஓர் ஏழைக் குடும்பத்தின் துயரக் கதை. நான்காவதில் பார்த்தது வேறு படம்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். கதையின் சிறுவன் அபுவின் அக்கா துர்கா இறந்துவிட்டாள். குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்ப மூட்டை கட்டுகிறது. உயரத்தில் இருந்த ஒரு சிரட்டையை அபு எடுக்கிறான். பக்கத்து வீட்டு மணிமாலை அதிலிருந்து விழுகிறது. துர்காதான் திருடினாள் என்று அன்று ஊரே பழி சொன்ன மாலை, அவள் இல்லவே இல்லை என்று மறுத்த மாலை. எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான்.

விசிடியில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு, ஒரு பையன் கையை வீசுகிறான், காட்சி முடிந்தது. ப்ளூரேயில் அந்தச் சாம்பல் பரப்பு பாசி என்று தெரிகிறது. மாலை விழுந்த இடத்தில் பாசி விலகி, கறுப்பாக ஒரு வட்டம் திறக்கிறது. பிறகு ஓரங்களிலிருந்து மெல்ல நகர்ந்து வந்து மூடிக்கொள்கிறது. ஒரு வசனம் கிடையாது. அக்காவின் குற்றத்தைத் தம்பி மறைத்துவிட்டான் என்பதைச் சொல்லுவது பாசியின் அசைவு மட்டும். விசிடியில் ஒரு முழுப் படமே 352க்கு 288 புள்ளிகள்தான். அதில் பாசிக்கு எங்கே இடம்?

நீங்கள் பார்த்த இணையப் பிரதியிலும் பாசி இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 8, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. மாலையோடு சேர்ந்து ஒரு சிலந்தியும் அந்தச் சிரட்டையில் இருக்கிறது. துர்கா ஒளித்து வைத்து எத்தனை நாள் ஆகிறது என்பதை அந்தச் சிலந்தி சொல்லிவிடுகிறது. இருபது ஆண்டுகள் இந்தப் படத்தைப் பற்றி நண்பர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். சிலந்தியை முதன்முதலில் பார்த்தது 2016இல்தான்.

செப்டம்பர் 10

“படம் மெதுவாக நகர்கிறதே” என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மெதுவாகத்தான் நகர்கிறது. அந்த மெதுவில் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தால் அது மெதுவாகத் தோன்றாது. மிட்டாய்க்காரர் காவடி போலத் தோளில் பானைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறார். பின்னால் துர்கா, அபு, கடைசியில் ஒரு நாய். நான்கு பேரும் குளத்துநீரில் தலைகீழாக நடந்துபோகிறார்கள். வாங்கக் காசில்லாத குழந்தைகள் மிட்டாயின் பின்னால் போகும் காட்சி இது. அவ்வளவு சோகத்தை ஓர் ஊர்வலமாக்கிக் காட்டியிருக்கிறார் ராய். மங்கலான பிரதியில் குளத்துநீர் தெரியாது, பிம்பம் தெரியாது. சும்மா நடக்கிறார்கள். அப்போது கொட்டாவி வருவது பார்ப்பவரின் தவறு இல்லை.

அந்தக் காட்சிக்கு வரும் துள்ளலான சிதார் இசை ரவிசங்கருடையது இல்லை. அவர் ஒரே அமர்வில், இரவெல்லாம் இருந்து பின்னணி இசையைப் பதிவுசெய்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விடுபட்ட சில இடங்களை நிரப்பியவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. இந்தப் படம் தொடங்கும்போது அவருக்கு வயது 21. அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை.

நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டீர்கள் அல்லவா, குழந்தைகள் பார்க்க ஓடும் அந்த ரயில் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் வருகிறது.

செப்டம்பர் 14

1955இல் வெளிவந்த படம் இவ்வளவு துல்லியமாக எப்படி இருக்க முடியும், கணினியில் வரைந்து சேர்த்துவிட்டார்களா என்று ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. நியாயமான சந்தேகம். நெகட்டிவ் முழுவதும் லண்டனில் தீயில் எரிந்துபோனது என்பதால் எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

செப்டம்பர் 15

நேற்று “முழுவதும் எரிந்துபோனது” என்று எழுதியது தவறு. அப்படி நடந்திருந்தால் பாசியைப் பற்றி நான் இங்கே எழுதிக்கொண்டிருக்க முடியாது. சரியாகச் சொல்கிறேன்.

ராய்க்கு 1992இல் கௌரவ ஆஸ்கர் அளித்தார்கள். அதற்காக அவருடைய படங்களிலிருந்து துண்டுகள் தேடியபோது நல்ல பிரதிகளே கிடைக்கவில்லை. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி விருதை ஏற்றவர், அந்த ஏப்ரல் 23 அன்று காலமானார். படங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆஸ்கர் அகாதமியின் ஆவணக் காப்பகம் முயற்சி எடுத்தது. கல்கத்தாவிலிருந்து நெகட்டிவ்கள் லண்டனில் உள்ள ஹெண்டர்சன் என்ற பிலிம் பதப்படுத்தும் கூடத்துக்குப் போயின. 1993 ஜூலையில் அங்கே தீப்பிடித்தது. காப்பாற்றுவதற்காகக் கொண்டுபோன இடத்திலேயே எரிந்தன.

எரிந்தவற்றை அகாதமி குப்பையில் போடவில்லை. கருகி, சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிப்போன சுருள்களைத் தகர டப்பாக்களில் எடுத்து வைத்திருந்தது. அன்று இருந்த தொழில்நுட்பத்தால் அவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, 2013இல், பழைய படங்களை வட்டுகளாக வெளியிடும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் அந்த டப்பாக்களைத் திறந்து பார்த்தது. சுருள்கள் இத்தாலியின் போலோன்யா நகருக்கு, ‘லிம்மாஜினே ரித்ரொவாதா’ என்ற மறுசீரமைப்புக் கூடத்துக்குப் போயின. காய்ந்து மொரமொரத்த பிலிமுக்கு ஈரப்பதம் ஏற்றினார்கள். உருகி ஒட்டியிருந்ததைப் பிரித்தார்கள். ஓரத்துளைகளைக் கையால் ஒட்டிச் சரிசெய்தார்கள். கையால் செய்த வேலை மட்டுமே ஏறத்தாழ ஆயிரம் மணிநேரம். பதேர் பாஞ்சாலியின் நெகட்டிவில் சுமார் 40 விழுக்காடும், அடுத்த படமான அபராஜிதோவில் 60 விழுக்காட்டுக்கு மேலும் மீண்டும் பயன்பட்டன. மூன்றாவது படமான அபுர் சன்சாரின் நெகட்டிவிலிருந்து எதுவும் தேறவில்லை. மீதிக்கெல்லாம் வேறு இடங்களில் இருந்த மாஸ்டர் பிரதிகளும் நகல் நெகட்டிவ்களும் கைகொடுத்தன. 2015 மே மாதம் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திரையிட்டார்கள். 1955 மே மாதம் இந்தப் படத்தை உலகம் முதன்முதலில் பார்த்ததும் அதே அருங்காட்சியகத்தில்தான். கல்கத்தாவில் வெளியானது அதன் பிறகு, ஆகஸ்டில்.

எனவே அபுவின் கண்ணை யாரும் கணினியில் வரையவில்லை. போர்வைக் கிழிசலின் வழியே துர்கா விரலால் திறந்துவிடும் அந்த ஒற்றைக் கண், 1950களின் பிலிமில் பதிந்த கண்தான்.

செப்டம்பர் 21

“சில ஷாட்டுகள் கத்தி மாதிரி இருக்கின்றன, அடுத்த ஷாட் கொஞ்சம் மசங்கலாக இருக்கிறது. என் வட்டில் கோளாறா?” என்று கேட்டவருக்கு: உங்கள் கண் நல்ல கண். வட்டில் கோளாறு இல்லை. எரியாமல் பிழைத்த நெகட்டிவிலிருந்து நகல் நெகட்டிவுக்குப் படம் மாறும் இடம் அது. நகல் எடுக்கும் ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் நுணுக்கம் குறையும், பிலிமின் மணித்துகள் (கிரெயின்) தடிக்கும். படத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் சரிசெய்யும் கலைஞர்கள் இரண்டையும் முடிந்தவரை ஒத்துப்போக வைத்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் தையல் தெரியத்தான் செய்யும்.

எனக்கு அந்தத் தையல் பிடித்திருக்கிறது. ஒரு வருடம் அதைத் தேடித் தேடிப் பார்த்தேன். இப்போது தேடுவதில்லை.

செப்டம்பர் 29

என் முதல் குறிப்பை மறுபடி படித்தேன். மங்கலான பிரதிகளில் பார்த்தது “ஏழைக் குடும்பத்தின் துயரக் கதை” என்று எழுதியிருக்கிறேன். அவ்வளவு எளிதாக எழுதியிருக்கக் கூடாது.

முதலில் பார்த்தது 1987 அல்லது 1988, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தூர்தர்ஷனில் பிற மொழிப் படங்கள் போடுவார்களே, அந்த நேரம். பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவி. ஆன்டெனாவை யாராவது பிடித்துக்கொண்டு நின்றால்தான் படம் நிற்கும். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அபுவின் அம்மா சர்பஜயாவை எனக்கு அறவே பிடிக்கவில்லை. அந்த வீட்டை அண்டியிருக்கும் உறவுக்காரக் கிழவி இந்திர் நோயோடு திரும்பி வந்து தண்ணீர் கேட்கிறாள். சர்பஜயா எழுந்திருக்கவில்லை. கிழவி தானே எடுத்துக் குடித்துவிட்டு, மிச்சத் தண்ணீரைத் தான் வளர்த்த சிறு செடிக்கு ஊற்றிவிட்டு நடக்கிறாள். “எவ்வளவு கெட்டவள்!” என்று நான் சத்தமாகச் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “அவளைக் குறை சொல்லாதே. அந்த வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்” என்றார்.

எங்கள் வீட்டிலும் அப்போது அப்பாவின் அத்தைப்பாட்டி இருந்தார். அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

பாதி நேரம் கோடு ஓடிய அந்த டிவியில் அம்மா முழுப் படத்தையும் பார்த்துவிட்டார். பாசி தெரியாமல், சிலந்தி தெரியாமல். வங்காளமும் தெரியாது, ஆங்கிலத் துணைத்தலைப்பு படிக்கவும் தெரியாது. அப்படியானால் நல்ல பிரதி இல்லாவிட்டால் இந்தப் படம் இல்லை என்ற என் வாதம் என்ன ஆகிறது? ஒரு வாரமாக இதை யோசிக்கிறேன். அம்மாவுக்கு அந்த வீடு ஏற்கெனவே தெரிந்த வீடு. மங்கலில் விடுபட்டதை அவர் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்படி எடுத்துப் போட ஒன்றும் இல்லாதவர்களுக்கு, பன்னிரண்டு வயதில் எனக்கு, இப்போது கேள்வி கேட்ட வாசகருக்கு, படமே எல்லாவற்றையும் காட்டியாக வேண்டியிருக்கிறது. சர்பஜயாவாக நடித்த கருணா பானர்ஜியின் முகத்தை நல்ல பிரதியில் பாருங்கள். அந்தக் கிழவி செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, எழுந்து போய் அவளைத் தடுக்கலாமா என்ற எண்ணம் அந்த முகத்தில் வந்து போவது போல எனக்குத் தெரிகிறது. டிவியில் அது வெறும் வெள்ளைத் திட்டு.

அக்டோபர் 6

ஒலியைப் பற்றிக் கேட்டவருக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

அபுவின் அப்பா ஹரிஹர் வெளியூரிலிருந்து திரும்பி வந்து, துர்கா இறந்தது தெரியாமல், அவளுக்காக வாங்கி வந்த சேலையை எடுத்துக் காட்டுகிறான். சர்பஜயா அதைப் பற்களில் கடித்துக்கொண்டு கதறுகிறாள். அந்தக் கதறல் நமக்குக் கேட்காது. அதன் இடத்தில் தார்ஷெனாய் என்ற நரம்புக் கருவி உச்ச ஸ்தாயியில் பட்தீப் ராகத்தை வாசிக்கிறது. விசிடியில் இதைக் கேட்டபோது, ஒலிப்பதிவு அறுந்துவிட்டது, ஏதோ கீச்சென்று சத்தம் வருகிறது என்றுதான் நினைத்தேன். இரண்டு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். இந்தியப் படங்களில் நான் அறிந்த மிகத் துணிச்சலான ஒலி முடிவு ஒன்றைப் பழுது என்று நினைத்து வளர்ந்திருக்கிறேன்.

இன்னொன்று வேகம். படம் ஒரு வினாடிக்கு 24 பிரேம். நம் ஊர் வீடியோவும் டிவியும் ‘பால்’ (PAL) என்ற பழைய ஒளிபரப்பு முறையில் 25 பிரேமாக ஓட்டின. அதனால் 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து நிமிடம் யாரும் வெட்டியதில்லை, எல்லாமே நான்கு விழுக்காடு வேகமாக நடந்துவிடுகிறது. சுருதியும் ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் ஏறிவிடும். ரவிசங்கரின் சிதாரை நாம் பல ஆண்டுகள் தவறான சுருதியில் கேட்டிருக்கிறோம். வீணை வாசிக்கும் ஒரு தோழி ப்ளூரேயைக் கேட்டதும், “இப்போதுதான் தந்தி தளர்ந்து உட்கார்ந்திருக்கிறது” என்றார்.

அக்டோபர் 7

விசிடி இரண்டு வட்டுகளாக வந்ததை மறந்துவிட்டேன். என்னுடையதில் ரயில் புகை விட்டுக்கொண்டு போனதும் முதல் வட்டு முடியும். எழுந்து போய் அடுத்த வட்டைப் போட வேண்டும், நடுவில் தண்ணீர் குடிப்போம். ரயிலைப் பார்த்த மகிழ்ச்சியோடு திரும்பும் குழந்தைகள் மூங்கில் தோப்பில் இந்திர் உட்கார்ந்தபடியே இறந்திருப்பதைக் காண்கிறார்கள். வாழ்க்கையின் மிகப் பெரிய வியப்பும் முதல் சாவும் ஒரே பிற்பகலில். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் நடுவே ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது.

ரயில் காட்சியின் நாணல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1952 அக்டோபர் 27 அன்று அந்த வெளியில்தான் படப்பிடிப்பே தொடங்கியது. அடுத்த வாரம் போனபோது பூவெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீண்டும் பூக்கும்வரை ஒரு வருடம் காத்திருந்து மீதியை எடுத்தார்கள். அந்த மாடுகளுக்கும் படத்தின் பெயர்ப்பட்டியலில் ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

அக்டோபர் 19

வாங்க நினைப்பவர்களுக்கு. அமெரிக்காவில் வெளியான ப்ளூரே வட்டு ஏ மண்டலத்துக்கானது. இந்தியா சி மண்டலம். இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் அது ஓடாது. எனக்கு அக்கா மகன் அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்தான், பிளேயர் வாங்கும்வரை எட்டு மாதம் அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். 4கே வட்டுகளுக்கு மண்டலக் கட்டுப்பாடு கிடையாது.

டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும். இந்தப் படத்தின் சட்டகம் கிட்டத்தட்ட சதுரம், 1.37க்கு 1. அகலத் திரையை நிரப்புவதற்காகப் பெரிதாக்கினால் மேலும் கீழுமாகக் கால் பங்குக்கு அருகில் போய்விடும். குழந்தைகளின் படத்தில் கீழே வெட்டினால் முதலில் போவது குழந்தைகள்தான். அசைவை வழவழப்பாக்கும் வசதி, இரைச்சலைக் குறைக்கும் வசதி இரண்டையும் அணைத்துவிடுங்கள். இரண்டாவது வசதி மணித்துகளைத் துடைக்கும்போது கிழவியின் முகச் சுருக்கங்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். சுனிபாலா தேவி எண்பது வயதில் நடித்த முகம் அது. படம் வெளிவருவதற்குள் அவர் இறந்துவிட்டார். அந்தச் சுருக்கம் ஒவ்வொன்றும் எனக்கு வேண்டும்.

அக்டோபர் 27

முதல் கேள்வி கேட்ட வாசகர் நல்ல பிரதியில் முழுவதும் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். ரயிலும் மழையும் பிடித்திருக்கின்றன. ஆனால் “வறுமையை அழகாக்கி வெளிநாட்டுக்கு விற்றிருக்கிறார்” என்கிறார். இது பழைய குற்றச்சாட்டு. 1980இல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நடிகை நர்கிஸே இதைச் சொன்னார்.

எனக்கு இதில் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. ராய் இந்தப் படத்துக்காகத் தன் கிராமபோன் இசைத்தட்டுகளை விற்றார், மனைவியின் நகைகளை அடகு வைத்தார். பணம் தீர்ந்து படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தபோது, ‘பாதையின் பாடல்’ என்று பொருள்படும் படத்தின் பெயரை வைத்துச் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதினார்கள். விற்பதற்குத் திட்டமிட்டவர் செய்யும் வேலை இல்லை இது. வறுமையை அவர் அழகாக்கவும் இல்லை. ஏழைக் குழந்தைகளுக்கும் கண் இருக்கிறது, அந்தக் கண்ணுக்குக் குளமும் தட்டானும் தந்திக் கம்பத்தின் ரீங்காரமும் அழகாக இருக்கின்றன என்று காட்டினார். மங்கலான பிரதிகள் அழகையெல்லாம் தின்றுவிட்டு வறுமையை மட்டும் மிச்சம் வைத்தன. ‘வறுமைப் படம்’ என்று பெயர் வந்ததில் அந்தப் பிரதிகளுக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

“ஹரிஹரைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது” என்றும் எழுதியிருக்கிறார். எனக்கும்தான். சம்பளத்தைக் கேட்டு வாங்காமல் வந்து நிற்கும்போதெல்லாம் வருகிறது.

நவம்பர் 3

சிறு திருத்தம். சுனிபாலா தேவியின் வயதை எண்பது என்று எழுதினேன். எண்பதை ஒட்டிய வயது என்று திருத்திப் படியுங்கள்.

நவம்பர் 18

உமா தாஸ்குப்தா இன்று கொல்கத்தாவில் காலமானார். துர்காவாக நடித்தவர். அதன் பிறகு அவர் நடிப்பைத் தொழிலாகக் கொள்ளவில்லை, பள்ளி ஆசிரியராக இருந்தார். 84 வயது. திரையில் துர்கா அந்த வயதின் பக்கத்திலேயே வரவில்லை.

இன்று வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 24

அம்மா இந்த வாரம் என்னோடு இருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை நீக்கியாகிவிட்டது. உமா தாஸ்குப்தா மறைந்த செய்தியைச் சொன்னபோது பெயர் அவருக்குத் தெரியவில்லை. “மழையில் நனைந்து காய்ச்சல் வந்து செத்துப்போகுமே, அந்தப் பெண்ணா?” என்று கேட்டார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, ஒரே ஒரு முறை பார்த்த படம்.

நேற்று மாலை ப்ளூரேயைப் போட்டேன். மிட்டாய்க்காரர் வந்தார். ரயில் வந்தது. இந்திர் இறந்தபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு குளத்தின் மேல் பூச்சிகள் ஓடின, தாமரை இலைகள் புரண்டன. மீன் பிடித்துக்கொண்டிருந்தவரின் வழுக்கைத் தலையில் முதல் துளி விழுந்தது. அம்மா சிரித்தார். அந்த மனிதர் குடையை விரித்ததும் அம்மா இன்னும் சிரித்தார். மழை பிடித்துக்கொண்டது. துர்கா கூந்தலை அவிழ்த்துவிட்டு, முகத்தை மேலே தூக்கி, சுற்றிச் சுற்றி ஆடினாள்.

“நிறுத்திவிடு,” என்றார் அம்மா. “மிச்சம் எனக்குத் தெரியும். அவள் நனைந்துகொண்டே இருக்கட்டும்.”

நிறுத்திவிட்டேன்.